மூடி திறக்கும் சத்தம் கேட்டாலே ஓடும் பூனைக்குத் தெள்ளு மருந்து போடுவது எப்படி?

வீட்டில் இரண்டு பூனைகள். சின்னவன் சாது, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கழுத்தில் சொட்டு மருந்தைப் போட்டுவிடலாம். பெரியவள்தான் பிரச்சினை. மருந்துக் குழாயின் மூடியைத் திருகும் அந்தச் சின்ன 'டக்' சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள்.

போன முறை துண்டில் சுற்றிப் பிடித்தேன். பின்கழுத்தில், நாக்கு எட்டாத இடமாகப் பார்த்து, முடியை விலக்கித் தோல் தெரிந்த நேரத்தில் ஒரு உதறு உதறினாள். பாதி மருந்து அவள் முதுகு முடியில் வழிந்தது, மீதி என் சட்டையில். அப்புறம் முதுகை நக்கிவிட்டு வாயில் நுரை தள்ளினாள். மருந்தின் கசப்புதான் காரணம் என்று மருத்துவர் சொன்ன பிறகே எனக்கு உயிர் வந்தது.

தெள்ளு இருப்பது நிச்சயம். சீப்பில் வந்த கருந்துகள்களை ஈரமான வெள்ளைக் காகிதத்தில் வைத்தேன், செம்பழுப்பாகக் கரைந்தன; தெள்ளு குடித்த இரத்தம் அதன் எச்சத்தில் இருப்பதால்தான் அந்த நிறம். படுக்கைத் துணிகளைச் சுடுநீரில் துவைக்கிறேன், சோபா இடுக்குகளைத் தினமும் சுத்தம் செய்கிறேன். ஆனால் கூட்டுப்புழுக்கள் வாரக்கணக்கில் ஒளிந்திருக்குமாமே, ஒரு மாதம்கூட மருந்தை விட முடியாது.

தனி ஆளாக இருப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? தூங்கும்போது போட்டால் என்னை நம்பாமல் போய்விடுவாளோ? மாத்திரைக்கு மாறியவர்கள் யாராவது உண்டா, அல்லது அதை விழுங்க வைப்பது இன்னும் பெரிய போராட்டமா?

நாய்க்கான மருந்தை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனைக்கு விஷம்.