கேத்தி சரிவு நிலத்துக்கு வரைபடம் போட உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. நீலகிரி கேத்தி பள்ளத்தாக்கில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் கேரட் தோட்டம், நல்ல சரிவு. போன ஐப்பசி மழையில் மேல்பாத்தி மண் அப்படியே ஓடைக்குப் போய்விட்டது. காலையில் போய்ப் பார்த்தால் கேரட்டின் தலையெல்லாம் வெளியே தெரிந்தது, மனசே ஆறவில்லை. பாத்தியை மேலிருந்து கீழாகப் போட்டது தப்பு. இந்த முறை சமஉயரக் கோட்டை (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு) ஒட்டிப் போட வேண்டும்.

க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் எஸ்ஆர்டிஎம் (விண்வெளியிலிருந்து ரேடாரில் அளந்த) உயரத் தரவை ஏற்றிப் பார்த்தேன். முதலில் எங்கு பார்த்தாலும் கிட்டத்தட்ட 90 டிகிரி சரிவு என்றது! தூரம் டிகிரியிலும் உயரம் மீட்டரிலும் இருந்ததுதான் காரணம். தூரத்தையும் மீட்டரில் காட்டும் யூடிஎம் 43 வடக்கு என்ற வரைபட முறைக்கு மாற்றியதும் சரியானது (புதிதாகத் தொடங்குபவர்கள் கவனிக்கவும்). ஆனால் இந்தத் தரவில் ஒரு கட்டத்தின் பக்கம் 30 மீட்டர், கட்டத்துக்கு ஒரே ஒரு உயரம்தான். என் நிலம் முழுவதற்கும் ஒன்பது கட்டம்தான் விழுகிறது. அதை வைத்து வரப்பு எங்கே வரும் என்று எப்படி முடிவு செய்வது?

ட்ரோனிலோ டம்பி லெவலிலோ (உயர வித்தியாசம் அளக்கும் தொலைநோக்கிக் கருவி) அளந்து வரைபடத்தில் ஏற்றியவர்கள் இருக்கிறீர்களா? எத்தனை மீட்டருக்கு ஒரு புள்ளி எடுத்தீர்கள்? மேல்தோட்டத்து அண்ணனும் சேர்ந்துகொள்கிறேன் என்கிறார். அவர் நிலத்துத் தண்ணீர்தான் எங்களுக்கு இறங்குகிறது. ஐப்பசிக்குள் வரப்பு போட்டாக வேண்டும்.