மலேசியாவிலிருந்து சேலத்துக்குக் குடிவந்தவர்களுக்கு: வெயில், மலை, சாப்பாடு

ஈப்போக்காரன் கேட்டது:

வணக்கம். மாசி மாதம் ஈப்போவிலிருந்து சேலத்துக்கு வந்து சேர்ந்தோம். நான், மனைவி, ஏழு வயது மகள். வேலை விஷயமாகக் குறைந்தது மூன்று வருடம் இங்கேதான். அஸ்தம்பட்டியில் வீடு. வந்த புதிதில் காலை நேரம் சுகமாக இருந்தது. இப்போது பங்குனியிலேயே மதியம் வெளியே தலைகாட்ட முடியவில்லை. சித்திரையை நினைத்தாலே கலக்கமாக இருக்கிறது. ஊரில் வாரக் கடைசியானால் மலை ஏறுவேன், இல்லாவிட்டால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். இங்கே அதெல்லாம் நடக்குமா? நம் ஊர்ச் சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள்? மனைவி நாசி லெமாக், அதுதான் நம் தேங்காய்ப்பால் சோறு, கேட்டு நச்சரிக்கிறாள்.

கிள்ளான் மருமகள் சொன்னது:

வாங்க தம்பி. நான் கிள்ளானில் பிறந்து வளர்ந்து சேலத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். காகித வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். விசா 180 நாளுக்கு மேற்பட்டதென்றால், வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவை இணையத்தில் செய்ய வேண்டும். அலுவலகத்தில் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடாமல் நீங்களே ஒருமுறை சரிபாருங்கள். வீட்டிலிருந்து ரைஸ் குக்கர் கொண்டுவந்திருந்தால் மின்சாரம் ஒத்துப்போகும், பிளக் மட்டும் சேராது. முனையை மாற்றினால் போதும். அவ்வளவுதான், இனி வெயிலுக்கு வருவோம்.

நம் ஊர் வெக்கை ஈர வெக்கை. வேர்த்து ஊற்றும், சட்டை நனையும், தண்ணீர் குடிக்க வேண்டும் என்று உடம்பே சொல்லிவிடும். சேலத்து வெயில் காய்ந்த வெயில். வேர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடும், அதனால் தண்ணீர் போவது தெரியாது. சாயங்காலம் மகள் தலை வலிக்கிறது என்றால் முதலில் இரண்டு டம்ளர் மோர் உப்புப் போட்டுக் கொடுங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தொடும். மே மாதத் தொடக்கத்தில் அக்னி நட்சத்திரம் ஆரம்பிக்கும். அந்த நாட்களில் பதினொன்றிலிருந்து நான்கு வரை வெளிவேலையே வைத்துக்கொள்ளாதீர்கள். மேல்மாடி வீடு என்றால் ராத்திரிதான் கொடுமை, பகலெல்லாம் காய்ந்த கூரை விடிய விடிய அனலை உள்ளே விடும். அந்தி சாயும்போது மொட்டை மாடியில் இரண்டு குடம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

ஆனால் ஒன்று. நம் ஊரில் ஜனவரியும் ஜூலையும் ஒரே மாதிரிதானே? இங்கே மாதத்துக்கு ஒரு ருசி வரும், அந்த மாதம் போனால் அதுவும் போய்விடும். வெயிலைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குள் உட்கார்ந்தால் நுங்கு போய்விடும், மாம்பழம் போய்விடும். குளிர்சாதன அறையைத் தேடுகிற நேரத்தில் பாதியைச் சந்தைக்குக் கொடுங்கள்.

இப்போதிருந்தே ஆரம்பிக்கலாம். சாலையோரம் பனங்காயைக் குவித்துவைத்து நுங்கு வெட்டிக் கொடுப்பார்கள். இளசாகக் கேளுங்கள், விரலால் நோண்டினால் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். முற்றினதைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், வாங்காதீர்கள். காலையில் கம்மங்கூழ், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும். பசியாற அது போதும், மதியம் வரை வயிறு குளுகுளுவென்று இருக்கும்.

சித்திரை பாதியிலிருந்து மாம்பழம். மலேசியாவில் 'இந்தியா மாம்பழம்' என்று ஒன்றைக் காட்டி விற்பார்களே, அதை மறந்துவிடுங்கள். இங்கே இமாம் பசந்த், மல்கோவா, சேலம் குண்டு, பெங்களூரா என்று ஒவ்வொன்றுக்கும் தனி ரசிகர்கள். என்னைக் கேட்டால் மல்கோவாதான். தோல் பார்க்க அழகாக இருக்காது, ஆனால் கொட்டை சிறியது, சதை நார் இல்லாமல் இருக்கும். அது கொஞ்சம் தாமதமாக வரும், அவசரப்பட்டு முதல் வாரத்திலேயே கூடை வாங்காதீர்கள். சீசன் தொடக்கத்தில் பளபளவென்று ஒரே மஞ்சளாக அடுக்கி வைத்திருப்பது பெரும்பாலும் கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்தது. காயாக வாங்கி அரிசிக்குள் புதைத்துவையுங்கள். காம்பருகே முகர்ந்து பாருங்கள், வாசனை வந்தபிறகு அறுங்கள்.

ஆடியில் ஊரே மாறிவிடும். கோட்டை மாரியம்மனுக்கு ஆடித் திருவிழா. சேலத்தில் குகை என்கிற பகுதியில் வண்டி வேடிக்கை என்று ஒன்று நடக்கும். சாமி வேடம் கட்டியவர்களை ஜோடித்த வண்டிகளில் ஏற்றி ஊர்வலம் விடுவார்கள், மகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். கூட்டத்தில் கையை விடாதீர்கள். மேட்டூர் அணைக்கும் அப்போது போகலாம். 1934இல் கட்டி முடித்த அணை, ஆடிப்பெருக்கன்று ஜனம் அலைமோதும். எனக்கென்னவோ அதற்கு முன்னாலோ பின்னாலோ ஒரு சாதாரண நாளில் போய், வெயில் தாழ அணை மீன் வறுவல் சாப்பிட்டுத் திரும்புவதுதான் பிடிக்கும். நாம் கடல் மீனில் வளர்ந்தவர்கள். அணை மீன் முதலில் மண்வாசனையாகத் தெரியும், மிளகாயும் பூண்டும் தூக்கலாகப் போட்டு வறுத்தால் சரியாகிவிடும்.

ஈப்போக்காரன்:

அக்கா, ரொம்ப நன்றி. ஏற்காடு பற்றிச் சொல்லவே இல்லையே? கேமரன் மலை மாதிரி இருக்குமா?

கிள்ளான் மருமகள்:

உயரம் ஏறத்தாழ அதேதான், 1,500 மீட்டர் வாக்கில். ஆனால் கேமரனை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். அங்கே தேயிலை, இங்கே காப்பி. கேமரனில் மலைச் சரிவு முழுக்கச் சீப்பால் வாரிவிட்ட மாதிரி தேயிலை வரிசை தெரியும். ஏற்காட்டில் காப்பிச் செடி சில்வர் ஓக் நிழலில் ஒளிந்திருக்கும், அந்த மரத்தில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். காருக்குள் உட்கார்ந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, இறங்கி நடக்க வேண்டும். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820 வாக்கில் கொண்டுவந்து நட்டது அந்தக் காப்பி.

இந்த மாதமே போங்கள். மாசி, பங்குனியில் ஒரு நல்ல மழை பெய்தால் அடுத்த பத்து நாளில் காப்பி பூக்கும். கிளை முழுக்க வெள்ளை வெள்ளையாக, மல்லிகை வாசனையோடு. இரண்டு மூன்று நாளில் பழுப்பேறி முடிந்துவிடும், அதனால் மேலே தெரிந்தவர் யாராவது இருந்தால் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். கார்த்திகை, மார்கழியில் போனால் அதே கிளையில் சிவப்புப் பழம், களத்தில் காயப்போட்டிருப்பார்கள். தூள் வாங்கும்போது சிக்கரி கலக்காமல் கேளுங்கள். ஒன்று சொல்கிறேன், உங்கள் ஈப்போ வெள்ளைக் காப்பி மார்ஜரின் போட்டு வறுத்தது. அந்த நாக்குக்கு இது முதலில் வெறும் கசப்பாகத் தெரியும். ஒரு வாரம் பொறுங்கள்.

மே மாதக் கோடை விழாவுக்கு நான் போவதில்லை. மலர்க் கண்காட்சி நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ரோடு முழுக்க வண்டி. சாதாரண ஞாயிற்றுக்கிழமையே ஒண்டிக்கடை பக்கம் நெரிசல் தாங்காது. வார நாளில் ஒரு லீவு போட்டுவிட்டுப் போங்கள்.

மலைக்கு ஏறும் சைக்கிள்காரன்:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் சேலத்துக்காரன்தான். சைக்கிள் கேட்ட அண்ணனுக்கு: அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. விடியும் முன் கிளம்பினால் வெயிலுக்கு முன்னே மேலே போய்விடலாம். ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். ஆபத்தெல்லாம் இறங்கும்போதுதான். பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வராதீர்கள், விட்டு விட்டுப் பிடியுங்கள். காரில் போனாலும் இதே கதைதான், இரண்டாம் கியரில் இறக்குங்கள், ஏறுகிற வண்டிக்கு வழி விடுங்கள். குப்பனூர் வழி இன்னொரு பாதை இருக்கிறது. அதில் வண்டி குறைவு, எனக்கு அதுதான் பிடிக்கும்.

மலையேற்றம் மட்டும் நினைத்த இடத்தில் கிளம்ப முடியாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் பலர் காட்டுத்தீயில் இறந்தார்கள். அதன்பிறகு காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் விடுவதில்லை. 2024இலிருந்து வனத்துறையே இணையத்தில் முன்பதிவு வைத்து வழிகாட்டியோடு அனுப்புகிறது, அதில் பதிந்துகொண்டு போங்கள். தீப்பிடிக்கும் கோடை நாட்களில் மூடிவிடுவார்கள். தோட்டத்துச் சாலையில் நடப்பதற்குத் தடை இல்லை, ஆனால் விடிகாலையும் அந்தியும் காட்டெருமை நடமாட்டம் உண்டு. மாடுதானே என்று படம் எடுக்க நெருங்காதீர்கள்.

கிள்ளான் மருமகள்:

தம்பி சொன்னது சரி. மழை முடிந்த கையோடு கிளியூர் அருவிக்குப் போங்கள். ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் அங்கே விழுகிறது, கோடையில் போனால் வெறும் பாறை. இறங்கும் வழி செங்குத்து, செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொண்டு போங்கள். சேர்வராயன் கோயில் மேட்டில் காற்று அள்ளிக்கொண்டு போகும், மகளுக்கு ஸ்வெட்டர் வேண்டும். மார்கழி ராத்திரியில் மலைமேல் 12, 13 டிகிரிக்கு வந்துவிடும். கீழே சேலத்திலும் உதடு வெடிக்கும், தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

சரி, நாசி லெமாக். தேங்காய்க்கு இங்கே பஞ்சமில்லை, பால் பிழிந்துகொள்ளலாம். நெத்திலிக் கருவாடு மார்க்கெட்டில் கிடைக்கும், கிள்ளியெடுத்துக் கழுவி நன்றாகக் காயவைத்துப் பொரியுங்கள், இங்கே உப்பு தூக்கல். சோற்றுக்கு வாசனைக்குப் போடும் இலையைப் பாண்டான் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ரம்பை என்று நர்சரியில் கேளுங்கள், ஒரு கன்று கிடைத்தால் தொட்டியில் நட்டு நிழலில் வையுங்கள். பெலாச்சான், அந்த இறால் விழுது மட்டும் ஊரிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லிவிடுங்கள். மூன்று உறை போட்டுக் கட்டச் சொல்லுங்கள், பெட்டி நாறினால் என்னைத் திட்டாதீர்கள்.

அதற்காக தினமும் ஊர்ச் சாப்பாட்டையே தேடிக்கொண்டிருக்க வேண்டாம். சாயங்காலம் தள்ளுவண்டியில் தட்டுவடை செட் சாப்பிட்டீர்களா? உள்ளங்கையளவுகூட இல்லாத தட்டுவடை ஒன்றை வைத்து, பச்சைச் சட்னியும் காரச் சட்னியும் தடவி, துருவின பீட்ரூட், காரட், வெங்காயத்தைக் குவித்து, மேலே இன்னொரு வடையை வைத்து மூடித் தருவார். ஒரே வாயில் போட வேண்டும். கடித்துச் சாப்பிடலாம் என்று பார்த்தால் பாதி சட்டையில்தான் இருக்கும். மனைவிக்குக் காரச் சட்னியை அதிகமாகப் போடச் சொல்லுங்கள், நம் ஊர் மிளகாய்ச் சம்பால் ஞாபகம் கொஞ்சம் அடங்கும்.

ஈப்போக்காரன்:

கடைசியாக ஒன்று அக்கா. அப்பா அம்மா வந்து பார்க்க ஆசைப்படுகிறார்கள். எந்த மாதம் வரச் சொல்லலாம்? அம்மாவுக்கு மலைப்பாதை என்றால் குமட்டும்.

கிள்ளான் மருமகள்:

மார்கழிக் கடைசியில் வந்து தைப் பொங்கலை முடித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். பச்சை மொச்சை, பனங்கிழங்கு எல்லாம் அப்போதுதான், வெயிலும் தொல்லை செய்யாது. கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேர் விமானம். அங்கிருந்து நாமக்கல் வழியாகச் சேலத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், வயதானவர்களுக்கு டாக்ஸி பேசிவிடுவது நல்லது. ஏற்காட்டுக்கு அம்மாவை முன் சீட்டில் உட்காரவைத்து, வயிறு நிறையக் கொடுக்காமல், இரண்டு இட்லியோடு கூட்டிப்போங்கள். டிரைவரிடம் மெதுவாகப் போகச் சொல்லிவிடுங்கள், பாதி வழியில் ஒருமுறை நிறுத்தினால் போதும். பொங்கல் விடுமுறையில் அறை வாடகை ஏறும், தை பிறப்பதற்கு முன்னமே மலைக்குப் போய்வந்துவிடுங்கள்.