முழங்கால் என்புக் குழிக்கு இடுப்பு என்பா, ஊசிச் சீமெந்தா?

கேள்வி (உப்புவெளி, திருகோணமலை):
நிலாவெளி வீதியில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த என் தம்பிக்கு, முழங்காலுக்குக் கீழுள்ள என்பின் மேற்பரப்பு உள்ளே அமிழ்ந்துவிட்டது. அதை உயர்த்தித் தகடு பொருத்திய பின் அடியில் எஞ்சும் குழியை, அவருடைய இடுப்பு என்பால் நிரப்புவதா, ஊசியால் செலுத்தும் சீமெந்தால் நிரப்புவதா என்று வைத்தியர் கேட்கிறார். எது நல்லது?

மறுமொழி 1:
தங்கச்சி, சொந்த என்பில் உயிருள்ள கலங்களும் வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களும் இருப்பதால், மற்றவற்றை அதனோடு ஒப்பிட்டே மதிப்பிடுகிறார்கள். ஆனால், எடுத்த இடம் மாதக்கணக்கில் நோகக்கூடும்.

மறுமொழி 2:
இத்தகைய குழிக்கு நான் கல்சியம் பொஸ்பேற் சீமெந்தையே விரும்புவேன். 1980களில் அமெரிக்காவில் பிரவுன், சௌ ஆகியோர் உருவாக்கிய இச்சீமெந்தின் தூளைத் திரவத்துடன் குழைத்தால் பற்பசைபோல் ஊசிவழியே வழிந்து, மூலைமுடுக்கெல்லாம் நிரம்பி, உடல் வெப்பத்திலேயே இறுகும். அழுத்தத்தை நன்கு தாங்கினாலும் வளைவிலும் முறுக்கிலும் நொறுங்கும் என்பதால் தகடு கட்டாயம் வேண்டும். மூட்டுக்குள் கசியாதபடி எக்ஸ்ரேயில் பார்த்தே செலுத்துவார்கள். முள்ளந்தண்டுக்குப் பயன்படும் அக்ரிலிக் சீமெந்து வேறு: இறுகும்போது சூடேறும், உடலில் கரையாது.

மறுமொழி 3:
காயத்தில் கிருமித்தொற்று இருந்தால் முதலில் அதையே குணப்படுத்த வேண்டும். தம்பி புகைப்பவராயின் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், அம்மா. என்பு பொருந்துவதை அது உண்மையாகவே தாமதப்படுத்தும்.