பதில்: ‘லைவ் யூஎஸ்பி’க்குத் தமிழ்ச்சொல் – ‘நிறுவா இயக்கம்’ சரிவருமா?

எல்லோருக்கும் வணக்கம்,

லினக்ஸ் மாதிரியான இயங்குதளத்தைக் கணினியில் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்ட உதவுவதுதான் ‘லைவ் யூஎஸ்பி’. அதற்கு ‘நிறுவா இயக்கம்’ என்ற சொல் சரிவருமா என்பதுதான் பேச்சு. இழை நீண்டுகொண்டே போவதால் கடைசி மூன்று மடல்களுக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

> டிவியில் லைவ் என்றால் நேரலை. நாமும் ‘நேரலை வட்டு’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாங்க. நேரலை என்றதும் கிரிக்கெட்தான் நினைவுக்கு வரும். போதாக்குறைக்கு வட்டு வேறு. சிடியிலிருந்தே ஓடும் நாப்பிக்ஸ் என்ற லினக்ஸ் வந்த காலத்தில் சுமார் 2 ஜிபி மென்பொருளைச் சுருக்கி ஒரே சிடிக்குள் அடைத்தார்கள், அப்போது வட்டு சரி. இன்றைக்கு லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் கோப்பே 3 ஜிபியை ஒட்டி இருக்கிறது, புது மடிக்கணினிகளில் சிடி போடவே இடமில்லை, எல்லாரும் பென்டிரைவில்தான் எழுதுகிறார்கள். கருவியின் பெயரைச் சொல்லுக்குள் பூட்டினால் இதுதான் நடக்கும். (பென்டிரைவை ‘விரலி’ என்று எழுதச் சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, ஆனால் கடையில் போய் விரலி கேட்டால் மஞ்சள்தான் கொடுப்பார்கள்.)

> ‘வெள்ளோட்டம்’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

நல்ல சொல்தான், பாதி வேலைக்குப் பொருந்தவும் செய்கிறது. வைஃபை பிடிக்கிறதா, பிரிண்டர் வேலை செய்கிறதா, சத்தம் வருகிறதா என்று ஓட்டிப் பார்க்கத்தானே வீட்டுக் கணினியில் பெரும்பாலானோர் இதைப் போடுகிறார்கள். ஆனால் விண்டோஸ் எழும்பாமல் படுத்துவிட்ட கணினியிலிருந்து படங்களை மீட்கவும் இதே பென்டிரைவைத்தான் செருகுகிறோம், அதில் என்ன வெள்ளோட்டம்? டெயில்ஸ் மாதிரியான இயங்குதளம் எப்போதுமே இப்படித்தான் ஓடுகிறது. பிறகு நிறுவப்போவதற்கான ஒத்திகையே அல்ல அது.

> ‘தொடா இயக்கம்’ – வன்தட்டைத் தொடாது என்பது பெயரிலேயே தெரியும்.

இந்தச் சொல் எங்கிருந்து வருகிறது என்று புரிகிறது. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது, விண்டோஸ் 11 ஏற்காத, ஆனால் நன்றாகவே ஓடுகிற கணினியை வைத்துக்கொண்டு லினக்ஸ் பக்கம் வருகிறவர்கள் முதலில் கேட்பது “விண்டோஸ் போயிடுமா, போட்டோ எல்லாம் அழிஞ்சிடுமா?” என்பதைத்தான். அந்தப் பயத்துக்கு மருந்தாகத் ‘தொடா’ என்று சொல்லத் தோன்றுவது இயல்பு. சிக்கல் என்னவென்றால் அது உண்மை இல்லை. நாம் மாற்றும் அமைப்புகள், போட்டுப் பார்க்கும் மென்பொருள்கள் எல்லாம் ரேம் என்ற தற்காலிக நினைவகத்தில் மட்டும் இருந்து, அணைத்ததும் மறைந்துவிடும், அதுவரை சரி. ஆனால் கோப்பு மேலாளரைத் திறந்தால் இடப்பக்கம் விண்டோஸ் இருக்கும் பகுதி வந்து நிற்கும். அதைச் சொடுக்கி உள்ளே போய் ஷிப்ட் டெலீட் அடித்தால் கோப்பு நிஜமாகவே போய்விடும், அடுத்த முறை விண்டோஸில் தேடினாலும் இருக்காது. வன்தட்டை யாரும் பூட்டி வைக்கவில்லை. தொடாது என்று நம்பிக் கை வைத்தவர் நம்மைத்தான் திட்டுவார்.

‘நிறுவா’ அப்படி மிகையாக வாக்குக் கொடுக்கவில்லை. நிறுவவில்லை, அவ்வளவுதான். எதிர்மறையில் பெயர் வைக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார், அணையா விளக்கையும் வாடா மலரையும் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறோம்.

இன்னொரு காரணம் இடைமுகம், அதாவது திரையில் தெரியும் தேர்வுகள். 2006-ல் வந்த உபுண்டு லினக்ஸ் 6.06 முதலே ஓட்டிப் பார்க்கவும் நிறுவவும் ஒரே சிடி என்று ஆகிவிட்டது, இப்போதும் தேர்வுகள் அக்கம்பக்கமாகத்தான் வருகின்றன. ‘நிறுவாமல் இயக்கு’, ‘நிறுவு’ என்று இரண்டும் திரையில் நின்றால் புதியவருக்கு விளக்கமே தேவைப்படாது. ‘வெள்ளோட்டம்’, ‘நிறுவு’ என்று போட்டால் முதலாவதை அழுத்தினால் என்ன ஆகும் என்று ஒரு நொடி கை தயங்கும்.

ஆக என் பரிந்துரை: பெயராக ‘நிறுவா இயக்கம்’, பட்டியில் (மெனுவில்) ‘நிறுவாமல் இயக்கு’, பொருளைக் குறிக்க ‘நிறுவா இயக்கப் பென்டிரைவ்’. கடைசியானது கொஞ்சம் நீளம்தான், பேச்சில் யாரும் முழுதாகச் சொல்லப்போவதில்லை.

அப்புறம் இதோடு ஒட்டிய இன்னொன்று பாக்கி இருக்கிறது. பென்டிரைவிலேயே இடம் ஒதுக்கி, அணைத்த பிறகும் மாற்றங்கள் அழியாமல் இருக்கச் செய்யும் ‘பெர்சிஸ்டன்ஸ்’ வசதி. பழைய மொழிபெயர்ப்புக் கோப்பில் ‘நீடிப்பு’ என்று கிடக்கிறது, எனக்கு அது விண்ணப்பத் தேதியை நீட்டிப்பது போலக் கேட்கிறது. ‘தங்கு சேமிப்பு’ எப்படி? வேறு யோசனை இருந்தால் இந்த இழையிலேயே போடுங்கள், இரண்டையும் சேர்த்தே கோப்பில் ஏற்றிவிடலாம்.