பவர் அசெர்ட் பிளகின் போட்டும் டெஸ்ட் பிழையில் வெறும் ஃபால்ஸ்தான் வருகிறது, உதவுங்கள்

வேளச்சேரி வாசி:
வணக்கம் நண்பர்களே. பெருங்குடியில் ஒரு சின்ன ஆபீஸ், சாப்பாடு டெலிவரி ஆப்புக்கு பில் கணக்கு போடும் கோட் என் தலையில், கோட்லின் என்ற நிரல்மொழியில் எழுதியது. ஒரு டெஸ்ட் நேற்று மதியத்திலிருந்து ஃபெயில் ஆகிறது, பிழையைத் திறந்தால் "எக்ஸ்பெக்டட் ட்ரூ, பட் வாஸ் ஃபால்ஸ்" என்று ஒரே வரி. எந்த எண் தப்பு என்று எப்படித் தெரியும்? பவர் அசெர்ட் என்ற கோட்லின் கம்பைலர் பிளகின் போட்டால் சோதிக்கும் வரியின் ஒவ்வொரு துண்டின் மதிப்பையும் கீழே கோடு போட்டுக் காட்டும் என்றார்கள். கிரேடில் (பில்ட் பண்ணும் டூல்) பில்ட் ஃபைலில் பிளகினைச் சேர்த்து, சிங்க் செய்து, கிளீன் பில்டும் பண்ணிவிட்டேன். அதே ஒரு வரிதான்.

பெரம்பூர் பையன்:
பிளகின் மட்டும் போட்டால் போதாது ப்ரோ. அது இயல்பாகக் கவனிப்பது கோட்லினின் சொந்த அசெர்ட்டை, அதாவது ஒரு நிபந்தனை உண்மையா என்று சோதிக்கும் ஃபங்ஷனை மட்டும். அசெர்ட்ட்ரூ போன்றவை வேண்டுமென்றால் பவர் அசெர்ட் பிளாக்கில் ஃபங்ஷன்ஸ் பட்டியலில் முழுப் பெயரோடு, அதாவது 'கோட்லின்.டெஸ்ட்.அசெர்ட்ட்ரூ' என்று எழுத வேண்டும். பிளகின் வெர்ஷன் கோட்லின் வெர்ஷனோடு ஒத்துப்போகிறதா பாருங்கள், 2024 மே மாதம் வந்த 2.0.0-லிருந்துதான் இது கோட்லினோடு சேர்ந்து வருகிறது. இன்னும் சோதனை நிலை என்று வார்னிங் வந்தால் ஆப்ட்இன் வரி ஒன்று போட்டால் போகும்.

வேளச்சேரி வாசி:
போட்டேன் ப்ரோ, எழுத்துப் பிழைகூட இல்லை, மூன்று முறை பார்த்துவிட்டேன். மாற்றமே இல்லை.

திருவான்மியூர் டீக்கடை:
உங்கள் பிழை வரியிலேயே விடை இருக்கிறது. கோட்லின் டெஸ்ட் என்ற கோட்லினின் சொந்த டெஸ்ட் லைப்ரரியின் அசெர்ட்ட்ரூ ஃபெயில் ஆனால் "எக்ஸ்பெக்டட் வேல்யூ டு பி ட்ரூ" என்று வரும். நீங்கள் ஒட்டியது ஜேயூனிட் 5 என்ற ஜாவா டெஸ்ட் லைப்ரரி பேசுகிற பேச்சு. டெஸ்ட் ஃபைலின் மேலே இம்போர்ட்டைப் பாருங்கள், ஐடிஇ (கோட் எழுதும் எடிட்டர்) தானாக ஜூப்பிட்டரின், அதாவது ஜேயூனிட் 5-ன் அசெர்ட்ட்ரூவை இழுத்திருக்கும் (எனக்கும் இதே கதைதான், ஒரு ராத்திரி போச்சு). அதை மாற்றுங்கள், டிபென்டன்சியில் கோட்லின் டெஸ்ட் இல்லையென்றால் அதையும் சேருங்கள்.

வேளச்சேரி வாசி:
அண்ணே, அதேதான்! ஜூப்பிட்டர்தான் உட்கார்ந்திருந்தது. இப்போது படம் வருகிறது, ஆனால் 'சரியா' என்ற வேரியபிளுக்குக் கீழே ஃபால்ஸ் என்று மட்டும்.

திருவான்மியூர் டீக்கடை:
ஒப்பிடுவதை முதலிலேயே செய்து முடிவை மட்டும் வேரியபிளில் வைத்திருப்பீர்கள். அசெர்ட்டுக்குள் எழுதியிருப்பதைத்தான் அது பிரித்துக் காட்டும், வெளியே முடிந்துபோன கணக்கு அதன் கண்ணில் படாது. வேரியபிளைத் தூக்கிவிட்டு ஒப்பீட்டை முழுசாக உள்ளே எழுதுங்கள். நடுவில் அண்ட் (&&) போட்டு இரண்டு நிபந்தனை இருந்தால் முதலாவது விழுந்ததும் அடுத்தது கணக்கிடப்படாது, படத்திலும் வராது, அதனால் தனித்தனியாகப் பிரிப்பதே நல்லது.

வேளச்சேரி வாசி:
செய்தேன். பில்.மொத்தம் கீழே 460, பொருள்.மொத்தம் 380, டெலிவரி 40, இரண்டையும் கூட்டி 420. பார்த்தவுடனே புரிந்தது, டெலிவரி 40 ரூபாயை இரண்டு இடத்தில் சேர்க்கிறோம், கார்ட்டில் ஒரு முறை, பில்லில் ஒரு முறை. இதற்காக நேற்று ராத்திரி 11 மணி வரை பிரின்ட் லைன் போட்டுக்கொண்டிருந்தேன். ரொம்ப நன்றி அண்ணே.

அம்பத்தூர் ஷிஃப்ட்:
நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். எங்கள் பழைய ப்ராஜெக்டில் ஜேயூனிட் 4. அதன் அசெர்ட்ட்ரூவைப் பட்டியலில் போட்டால் வேலை செய்யுமா?

திருவான்மியூர் டீக்கடை:
செய்யாது. பிளகின் தான் தயாரிக்கும் மெசேஜைக் கடைசி பாராமீட்டராகத்தான் கொடுக்கும், ஜேயூனிட் 4-ல் மெசேஜ் முதலில் வருகிறது. நீங்களே எழுதிய ஹெல்பர் ஃபங்ஷனுக்கும் இதே விதி, கடைசியில் ஸ்ட்ரிங்கோ ஸ்ட்ரிங் தரும் லாம்ப்டாவோ வாங்க வேண்டும். டெஸ்ட்டை ஓட்டும் ரன்னரை மாற்ற வேண்டாம், கோட்லின் டெஸ்ட் ஜேயூனிட் 4 மேலேயும் ஓடும், இம்போர்ட்டை மட்டும் மாற்றிப் பாருங்கள்.