கொரிய எல்லைப் பக்கம் அப்பாவோடு: பாஜுவா, சொர்வொனா?

மயூர்விஹார்க்காரி:

எல்லாருக்கும் வணக்கம். அக்டோபர் கடைசியில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு டில்லியிலிருந்து சியோல் போகிறேன். அப்பாவுக்கு 71 வயது, இடது முழங்கால் தகராறு, சுத்த சைவம். விசா கைக்கு வந்துவிட்டது, அலைந்த கதை வேண்டாம்.

சியோலில் அரண்மனை, கடைத்தெரு எல்லாம் என் ஆசை. அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: எல்லையைப் பார்க்கணும். காரணம் தாத்தா. ஆற்காட்டுப் பக்கத்துக்காரர். கொரியப் போருக்குப் போன 60வது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ் என்ற இந்திய ராணுவ மருத்துவப் படையில் நர்சிங் ஆர்டர்லியாக இருந்தார். அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை ஒன்று உண்டு. படை பின்வாங்கும்போது லாரி கிடைக்கவில்லை, மருத்துவச் சாமான்களை விட்டு வரவும் மனசில்லை. எங்கேயோ கேட்பாரற்று நின்ற ரயில் எஞ்சினைப் பிடித்து, வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, தாங்களே ஓட்டிக்கொண்டு ஆற்றைத் தாண்டினார்களாம். பாட்டி உடனே, "அளக்கறதுக்கும் ஒரு அளவு வேணாமா" என்பாள். நாங்களும் பாட்டி கட்சிதான்.

ஹோட்டலில், எல்லையை ஒட்டிய பாஜு பக்கம் ஒருநாள் டூர் இருக்கிறது என்கிறார்கள். ஆபீஸ் தோழி ஒருத்தி சொர்வொன் என்ற இன்னோர் எல்லை ஊரின் படத்தைக் காட்டினாள். ஆற்றுக்கு மேலே பாறைச் சுவரில் ஒட்டினாற்போல ஒரு நடைபாதை. பார்த்ததிலிருந்து எனக்கு அதுதான் கண்ணிலேயே நிற்கிறது. கையில் இரண்டு நாள்தான். எங்கே போகலாம்? முழங்கால் தாங்குமா? சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

முனிர்காவாசி:

முதல் வேலையாகத் தாத்தா படத்துக்கு முன்னால் நின்று மன்னிப்புக் கேளுங்கள் மேடம். அவர் அளக்கவில்லை. 1950 டிசம்பர், பியோங்யாங். சீனப் படை இறங்கிவிட்டது, எல்லாரும் தெற்கே ஓடிக்கொண்டிருக்கிறார்கள். நம்ம ஆட்கள் ஒரு நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்து, வாளியால் தண்ணீர் நிரப்பி, சாமான்களை ஏற்றிக்கொண்டு பாலம் தகர்க்கப்படுவதற்கு முன்னால் ஆற்றைக் கடந்துவிட்டார்கள். படைக்குத் தலைமை லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ், பின்னால் மகாவீர் சக்ரா வாங்கியவர். அவரும் ஆற்காட்டுக்காரர்தான். தாத்தா அவரைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறாரா என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள்.

இப்போது பயணத்துக்கு வருகிறேன். தாத்தாவுக்காகப் போகிறீர்கள் என்றால் பாஜுவை விடக்கூடாது. 1951 மார்ச் 23-ல் அமெரிக்கப் பாராசூட் படையோடு சேர்ந்து நம்ம மருத்துவர்களும் குதித்த முன்சான் அங்கேதான் இருக்கிறது. (குதித்தது ஒரு சின்னக் குழுதான். தாத்தாவும் குதித்தார் என்று யாரிடமும் அடித்துச் சொல்லிவிடாதீர்கள்.) பாறையும் ஆறும் வேண்டும் என்றால் சொர்வொன். பெயர்தான் சோர்வு மாதிரி இருக்கிறது, ஊர் அப்படியில்லை. ஆளுக்கொரு நாள் கொடுங்கள். பாஜுவிலிருந்து சியோலுக்குத் திரும்பி, அன்று சாயங்காலமே சொர்வொனில் இருக்கும் தோங்சோங்குக்கு பஸ் பிடித்து அங்கே தங்கிவிடுங்கள். ஒரே நாளில் இரண்டையும் அடக்கப் பார்த்தால் பஸ் ஜன்னலைத்தான் பார்ப்பீர்கள்.

போன வருஷம் நானும் மனைவியும் சொர்வொன் போனோம். டாக்ஸியில் போகும்போது இரண்டு பக்கமும் அறுத்து முடித்த நெல்வயல், கண்ணுக்கு எட்டியவரை சமவெளி. ஆறு எங்கேய்யா என்று கேட்டுக்கொண்டே போனோம். இறங்கி நாலு எட்டு வைத்தால் நிலம் பிளந்து கிடக்கிறது, ஹந்தான் ஆறு அடியில் ஓடுகிறது. நம்ம ஊர் ஆற்றுக்குக் கரையிலிருந்து இறங்குவோமே, அப்படியில்லை. கிணற்றை எட்டிப் பார்ப்பது மாதிரி.

நீங்கள் படத்தில் பார்த்தது ஜுசாங்ஜொல்லி பாதை. 3.6 கி.மீ., 2021 நவம்பரில் திறந்தது. நடுவில் 13 பாலம், உட்கார நிறைய இடம். ஒரு முனையில் நுழைந்தால் மறுமுனையில்தான் வெளியே வரலாம். முழங்காலுக்கு அதுதான் சிக்கல், பாதியில் "போதும்மா" என்றால் வழி கிடையாது. படிகளும் உண்டு. அப்பா நிதானமாக நாலு கிலோமீட்டர் நடப்பார் என்றால் தைரியமாகப் போங்கள், மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை, சொர்வொன் எல்லை டூருக்கும் அப்படித்தான். டிக்கெட் 10,000 வொன். அதில் 5,000-ஐ ஊர்க் கடைகளில் மட்டும் செல்லும் கூப்பனாகத் திருப்பித் தந்தார்கள்.

பழைய தொழிலாளர் கட்சிக் கட்டடத்தை விட்டுவிடாதீர்கள். 1945-லிருந்து போர் வரை சொர்வொன் வடக்கின் கையில் இருந்தது, கட்சி 1946-ல் கட்டிய மூன்று மாடி அது. அதைச் சுற்றி ஒரு பெரிய ஊரே இருந்ததாம். இன்றைக்குக் கூரை போய், உள்ளே குடலில்லாமல் சுவர் மட்டும் நிற்கிறது. சுவரெல்லாம் குண்டுத் துளை, வாசல் படியில் டாங்கி ஏறிய தடம். என் மனைவி அந்தப் படியில் கால் வைக்கமாட்டேன் என்று சுற்றிக்கொண்டு வந்தாள்.

வழியில் சுங்கில் பாலம் வரும். 1948-ல் வடக்கு ஆரம்பித்தது, 1958-ல் தெற்கு முடித்தது. கீழே நின்று பார்த்தால் பாதிக்கு மேல் வளைவின் வடிவமே மாறிவிடும். கொத்தனார் மாறிய வீடு மாதிரி.

வெள்ளைக்குதிரை மலைக்குக் கிட்டே போக முடியாது, நினைவிடத்திலிருந்து தூரத்தில் பார்க்கலாம். 1952 அக்டோபரில் பத்து நாள் சண்டை, மலை கை மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. வரலாறு தெரியாமல் பார்த்தால் சாதாரணக் குன்றுதான்.

பாறைத்தாத்தா:

ஓய்வு பெற்றவன், ஆயுசு முழுக்கக் கல்லோடு கழித்தவன், அதனால் மூக்கை நுழைக்கிறேன். அந்த நடைபாதைக்கு எதிரே பாறைச் சுவரில் தூண் தூணாகத் தெரியுமே, அவை செதுக்கியவை அல்ல. எரிமலைக் குழம்பு பழைய ஆற்றுப் பள்ளத்தில் ஓடி நிரம்பி, ஆறும்போது சுருங்கி வெடித்ததால் வந்தவை. சேறு காய்ந்தால் ஏரித்தரை பாளம் பாளமாக வெடிக்கிறதே, அதையே ஆழத்துக்கு இழுத்துப் பாருங்கள். உடுப்பிக்குப் பக்கத்தில் செயின்ட் மேரிஸ் தீவுக்குப் போனவர்களுக்கு உடனே புரியும். பிறகு ஆறு புதிதாக வழி அறுத்துக்கொண்டு இறங்கியது. சொர்வொனில் ஆற்றோரம் இருக்கும் கோசொக்ஜொங்கில் நின்று கவனியுங்கள்: எரிமலைக்கல் கறுப்பு, அதைவிட எத்தனையோ மூத்த கருங்கல் (கிரானைட்) வெளுப்பு. இரண்டும் சந்திக்கும் இடமாகப் பார்த்துத்தான் தண்ணீர் வெட்டியிருக்கிறது. 2020-ல் யுனெஸ்கோ இதை உலகப் புவிப்பூங்கா ஆக்கியது.

இதே ஆற்றின் கீழ்ப்பக்கம் ஜொன்கொக்கில் 1978-ல் ஓர் அமெரிக்கச் சிப்பாய் கற்காலக் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். 1863-ல் பல்லாவரத்தில் புவியியலாளர் புரூஸ் ஃபூட் எடுத்தாரே, அந்த ஜாதிக் கல். கிழக்காசியாவில் அப்படிப்பட்ட கோடரி கிடையாது என்று நம்பியிருந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். சியோல் மெட்ரோ 1-ம் வழித்தடம் இப்போது அங்கே வரை போகிறது. நேரம் இருக்காது, தெரியும். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

துவாரகா செக்டர் 6:

பாஜு டூர் எடுக்கும்போது ஜாக்கிரதை. நாங்கள் பணம் கட்டிய டூர்க்காரர் எல்லையில் நாற்பது நிமிஷம், ஜின்செங் என்ற மருந்து வேர் விற்கும் கடையில் ஒன்றரை மணி நேரம் நிறுத்தினார். கடைக்குப் போகாத டூரா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எல்லைக்கு அடியில் வடக்கு தோண்டிய சுரங்கங்களில் பாஜு பக்கம் இருக்கும் மூன்றாவது சுரங்கத்துக்கு அப்பாவை இறக்கவே வேண்டாம். போகும்போது நல்ல சரிவு, ஜாலியாக இருக்கும். ஏறும்போது என் தம்பிக்கே நாக்கு தள்ளியது. சொர்வொன் பக்கத்து இரண்டாவது சுரங்கம் (1975-ல் கண்டுபிடித்தது) பரவாயில்லை என்றார்கள், ஆனால் குனிந்து நடக்கணும். பாஸ்போர்ட் கையிலேயே இருக்கட்டும்.

சாப்பாடு: பிபிம்பாப்பில் (காய்கறி கலந்த கொரியச் சாதம்) கறியும் முட்டையும் வேண்டாம் என்று கொரிய மொழியில் எழுதிய சீட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் எதில் மீன் சாறு இருக்கும் என்று சொல்ல முடியாது. பருப்புப்பொடியும் ஊறுகாயும் எடுத்துப்போங்கள்.

கிளம்புவதற்கு முன்னால் நம்ம டில்லி கன்டோன்மென்டில் இருக்கும் இந்திய-கொரிய நட்புப் பூங்காவுக்கு அப்பாவைக் கூட்டிப்போங்கள். 2021 மார்ச்சில் திறந்தது. தாத்தாவின் படையைப் பற்றி அங்கே தூண்களில் இருக்கிறது. நான் அந்த வழியாக எத்தனை தடவை போயிருக்கிறேன், ஒரு நாளும் நிறுத்திப் பார்த்ததில்லை.

மயூர்விஹார்க்காரி:

போய்விட்டு வந்துவிட்டோம். எல்லாருக்கும் நன்றி.

ரங்கராஜ் பெயரைச் சொன்னதும் அப்பா, "ஆமா, 'கர்னல் சாப்'னு சொல்வார், பேர் சொன்னதில்ல" என்றார். பூங்காவில் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

பாஜுவில் இம்ஜின்காக் என்ற பூங்காவில் துருப்பிடித்த நீராவி எஞ்சின் ஒன்று நிற்கிறது. 1950 டிசம்பர் 31 அன்று சுடப்பட்டு நின்றுபோனது, 1,020 குண்டுத் துளை. தாத்தா எஞ்சின் இல்லை, அது எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். ஆனால் அதே மாசம். அப்பா அதை மூன்று முறை சுற்றி வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "தண்ணிய எந்த ஓட்டை வழியாம்மா ஊத்துவாங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு கொரியப் பெரியவரிடம் சைகையில் வாளி தூக்கி ஊற்றிக் காட்டினார். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் சொர்வொன். பாதை மூன்றரை மணி நேரம் ஆனது, கைப்பிடியை விடாமல் வந்தார். ஐந்தாவது பாலத்தில் கீழே கம்பிவலை வழியாகத் தண்ணீர் தெரிந்ததும் நான்தான் கண்ணை மூடிக்கொண்டேன். எதிர்ச் சுவரில் தூண்கள் நேராக வந்து ஓர் இடத்தில் விசிறி மாதிரி மடங்கியிருந்தன. பாறைத்தாத்தா சார், அது ஏன் என்று சொல்லுங்கள், படம் அனுப்புகிறேன்.

கூப்பனுக்கு அந்த ஊர் ஓதே அரிசி ஒரு கிலோ வாங்கினோம். தங்கிய இடத்தில் குக்கர் இருந்தது. சாதம் குழைந்து பளபளவென்று வந்தது, தயிர்சாதத்துக்கு அளவெடுத்து வைத்த மாதிரி. கீழே கடைக்கு ஓடிப்போய்த் தயிர் வாங்கி வந்து பிசைந்து, தட்டில் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சர்க்கரை போட்ட தயிர். எலுமிச்சை ஊறுகாயைப் பாதி பாட்டில் காலி பண்ணி, அதையும் சாப்பிட்டு முடித்தார்.