உயுனி உப்பு ஏரி: கள்ளித் தீவுக்குக் கூட்டிப்போக மறுக்கிறார்கள், அவசரம்

பயணப்பை:
வணக்கம். பொலிவியாவில் இருக்கிறோம். உயுனிக்கு மூன்று நாள் ஜீப் டூர் பேசினோம். ஏரியில் வானம் பிரதிபலிக்கும் என்கிறார்கள், ஆனால் இன்காவாசி தீவுக்குப் போக முடியாதாம். இணையத்தில் எல்லோரும் அந்தக் கள்ளிச்செடிகளோடு நின்று படம் போட்டிருக்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா? இன்று மாலைக்குள் முன்பணம் கட்ட வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள்.

கீழக்காற்று:
எந்த மாதம் என்று சொல்லுங்கள். அதுதான் விஷயமே.

சாம்பல்நரி:
நிச்சயம் ஏமாற்றுதான். டீசல் மிச்சம் பிடிக்கத் தீவைத் திட்டத்திலிருந்து விட்டுவிடுவார்கள். வேறு ஆளைப் பாருங்கள்.

நாடோடி72:
மாதம், ஊர், டூர் எங்கே முடிகிறது, எதுவும் இல்லை. கேள்வி கேட்கவும் ஒரு முறை உண்டு தம்பி. இதே கேள்விக்கு இங்கே நானே எத்தனையோ தடவை பதில் எழுதியிருக்கிறேன், தேடிப் பார்த்தால் கிடைக்கும்.

பயணப்பை:
இப்போதுதான், ஜனவரி. லா பாஸில் இருக்கிறோம்.

கீழக்காற்று:
அப்படியானால் அவர்கள் சொல்வது உண்மை. டிசம்பர் முதல் மார்ச் வரை அங்கே மழைக்காலம். பத்தாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த உப்புத் தரை, ஒரு முனைக்கும் மறு முனைக்கும் மட்ட வித்தியாசம் ஒரு மீட்டர்கூட இருக்காது. அதனால்தான் மழைநீர் மெல்லிய படலமாகப் பரவிக் கண்ணாடி ஆகிறது. தீவோ கரையிலிருந்து வெகு தூரம் உள்ளே. அவ்வளவு தூரம் உப்புத் தண்ணீரில் ஓட்டினால் எஞ்சின், வயரிங் எல்லாம் போச்சு. ஏரிக்கரைக் கிராமமான கொல்ச்சானிப் பக்கம் ஓரமாகக் காட்டிவிட்டுத் திரும்புவார்கள். இரண்டும் வேண்டுமென்றால் மழை ஓயும் ஏப்ரல் வாக்கில் வந்திருக்க வேண்டும், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால்.

உப்புக்கல்:
காய்ந்த உப்புத் தரை முழுக்க ஓடுமே, அந்த அறுகோணக் கோடுகளும் ஜனவரியில் தெரியாதே. எனக்கு அதுதான் பிடித்தது. வெயிலில் காய்ந்து வெடித்த தரை, நம் ஏரிச் சேறு மாதிரியே.

கீழக்காற்று:
சேறு வெடித்தால் கோடு பள்ளமாக இருக்கும். அங்கே மேடாக இருக்கிறதே.

உப்புக்கல்:
பிளவுக்குள் உப்பு பொங்கி வந்து நிரம்பியிருக்கும்.

கீழக்காற்று:
அது பழைய விளக்கம். 2023இல் வந்த ஆய்வு வேறு சொல்கிறது. தரைக்கு அடியில் உப்புநீர் நிற்கிறது. மேல்புறம் ஆவியாக ஆக அந்த நீர் அடர்த்தி கூடிக் கீழே இறங்குகிறது, அடர்த்தி குறைந்தது மேலே வருகிறது. இறங்கும் இடங்களுக்கு நேர் மேலே உப்பு அதிகம் படிந்து வரப்பு எழும்புகிறது. உலகில் எந்த உப்புத் தரையைப் பார்த்தாலும் கட்டத்தின் அளவு ஒன்றிரண்டு மீட்டர்தான். பிளவென்றால் உப்பு மேலோட்டின் தடிமனுக்கு ஏற்ப மாற வேண்டாமா?

நாடோடி72:
பாவம், கேட்டவரை விட்டுவிட்டீர்கள்.

பயணப்பை:
சரி, நன்றி. தீவு வேண்டாம், மற்ற இடங்கள் போதும். வந்ததிலிருந்து மனைவிக்குத் தலைவலி, ராத்திரி இரண்டு முறை வாந்தி. சாப்பாடு சேரவில்லை போல. ஜீப்பில் போனால் சரியாகிவிடும்தானே?

மலைச்சாரல்:
இதை முதலில் சொல்லக் கூடாதா! விமானத்தில் நேராக வந்து இறங்கினீர்களா? லா பாஸுக்கான எல் ஆல்ட்டோ விமான நிலையமே 4,000 மீட்டருக்கு மேல். இது சாப்பாடு இல்லை, உயரம்.

சாம்பல்நரி:
கோக்கா இலை டீ குடிக்கச் சொல்லுங்கள். அங்கே எல்லோரும் அதுதான் குடிக்கிறார்கள்.

மலைச்சாரல்:
குடிக்கட்டும், தப்பில்லை. ஆனால் டீயை நம்பி மேலே ஏறக் கூடாது. உயுனி ஏறக்குறைய லா பாஸ் உயரம்தான். ஆனால் இந்த டூரில் அடுத்த ராத்திரி சிவப்பு ஏரி லகுனா கொலொராடா பக்கம், 4,300 மீட்டர் வாக்கில் தங்க வைப்பார்கள். மறுநாள் விடிகாலையில் சோல் தெ மஞ்ஞானா வெந்நீர் ஊற்றுகள், 4,900ஐத் தொடும். வழியில் ஆஸ்பத்திரி கிடையாது. இன்றே ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். உயரத்துக்கு உடம்பு பழக உதவும் அசெட்டசோலமைடு மாத்திரை தரலாம், சல்ஃபா வகை மருந்துகள் ஒவ்வாமை இருந்தால் சொல்லிவிடுங்கள். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ காத்திருக்காமல் கீழே இறங்க வேண்டும்.

கீழக்காற்று:
ஆமாம், முன்பணம் கட்டாதீர்கள். சுக்ரே நகரம் 2,800 மீட்டர்தான், அங்கே போங்கள். பஸ் வேண்டாம், வழி முழுக்க மேட்டுநிலம். விமானம் பிடியுங்கள். ஊரை ஒட்டி கால் ஓர்க்கோ இருக்கிறது, சுவர் போல நிமிர்ந்த பாறையில் ஆயிரக்கணக்கான டைனோசர் காலடிகள். ஒரு காலத்தில் நீர்க்கரையில் தட்டையாகக் கிடந்த தரை அது, மலை எழும்பியபோது தானும் நிமிர்ந்துவிட்டது. உயுனியைவிட சுக்ரேக்குத்தான் என் ஓட்டு.

நாடோடி72:
சுக்ரேதான் அரசியல் சட்டப்படி தலைநகரம் என்பதையும் சொல்லிவிடுங்கள். பாதிப் பேர் லா பாஸ் என்று நினைக்கிறார்கள்.

சாம்பல்நரி:
அரசாங்கம் நடப்பது லா பாஸில்தானே?

நாடோடி72:
உச்ச நீதிமன்றம் சுக்ரேயில். முதலில் படித்துவிட்டு வாருங்கள்.

உப்புக்கல்:
அந்த ஆய்வில் பிளவு பங்கே இல்லை என்றா சொல்கிறார்கள்?

பயணப்பை:
சுக்ரே வந்துவிட்டோம். உயரம்தான் காரணம் என்றார் டாக்டர். இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள். காலடிகள் பார்த்தோம். எல்லோருக்கும் நன்றி.

மலைச்சாரல்:
நல்லது. ஆனால் உயுனிக்குத் திரும்பவும் போவதாக இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போங்கள். தெற்கு ஏரிகளை விட்டுவிட்டு ஒரு நாள் டூர் மட்டும் எடுக்கலாம்.

சாம்பல்நரி:
முன்பணம் கட்டியிருந்தீர்களா, திரும்பக் கிடைத்ததா?